சாம்பல் கப்பலில் ஒரு காத்து டிக்

1

எனக்கு அறுபத்தைந்து முடிந்த மறுநாள் காலையில் என் மகன் ஒரு வீடியோ கேசட்டோடும் ஒரு படிவத்தோடும் வந்து நின்றான். கேசட் நான் சிரிப்பதற்கு. படிவம் நான் கையெழுத்துப் போடுவதற்கு. இரண்டுமே என்னால் ஆகவில்லை. லிவர்பூலுக்கு வந்து முப்பத்தேழு வருஷமாகிறது. இந்த ஊரில் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடாமல் நான் முரண்டு பிடித்தது இதுதான் முதல் தடவை.

மகன் பெயர் தேவராஜ். ஆபீசில் டேவ். அவனுடைய தமிழ் முழுக்க என் மனைவி கிரேஸ் அவனுக்குச் சோறு ஊட்டும்போது பேசிய தமிழ். ஆகையால் அதில் மரியாதை விகுதி என்று எதுவும் கிடையாது. முப்பத்தைந்து வயதில், பெரிய உத்தியோகத்தில் இருப்பவன், பெற்ற அப்பனைப் பார்த்து, "அப்பா, உக்காரு. பாரு. சிரி" என்கிறான். சாத்தான்குளத்தில் வாத்தியாராக இருந்த என் மாமனார் இதைக் கேட்டிருந்தால் பிரம்பைத் தேடியிருப்பார். நான் உட்கார்ந்தேன்.

படம் பழைய அமெரிக்கப் படம். யுத்த காலத்தில் கடற்படைச் சரக்குக் கப்பல் ஒன்று. சண்டை வேறெங்கோ நடக்கிறது. இவர்களுக்குச் சும்மா கிடக்கிற வேலை. மாலுமிகளுக்கு அலுப்பு, கேப்டனுக்குக் கோபம், இரண்டும் முட்டிக்கொள்வதில் விளையும் கூத்துதான் கதை. டேவ் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கோ ஒரே குறுகுறுப்பு. சரக்குக் கப்பல் என்கிறார்கள், படம் முடியும்வரை ஒருத்தன்கூட ஒரு மூட்டையைத் தூக்கவில்லையே! அப்படியானால் சரக்கை இறக்குவது யார்? அதற்குப் பக்கத்தில் சரக்கை வாங்க ஒரு வத்தைப் படகு நிற்க வேண்டாமா? வத்தையில் ஒரு தண்டல் நின்று கத்த வேண்டாமா?

"அப்பா, இது உன் கப்பல்தானே? ஏன் நீ சிரிக்க இல்லை?" என்றான் மகன்.

படிவம் எங்கள் பகுதி நூலகத்திலிருந்து வந்தது. யுத்த கால நினைவுகளைக் கண்காட்சி வைக்கிறார்களாம். எங்கள் வீட்டுக் கூடத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு கடிதம் தொங்குகிறது. தூத்துக்குடியில் நங்கூரம் போட்டிருந்த ஒரு கடற்படைக் கப்பலின் கேப்டன் எனக்குக் கொடுத்த நற்சான்று. 'சொல்லில் உண்மையும் செயலில் ஒழுங்கும் உள்ளவர்' என்று அதில் இருக்கிறது. அந்தக் கடிதத்தைக் காட்டித்தான் இங்கே எனக்குத் துறைமுகத்தில் வேலை கிடைத்தது. டேவ் அதைக் கண்காட்சிக்குக் கொடுக்கப்போகிறான். நான் செய்ய வேண்டியது, 'யுத்தத்தில் உமது பங்கு என்ன' என்ற கேள்விக்கு ஐம்பது வார்த்தைக்கு மிகாமல் பதில் எழுதி, மேலே கண்டவை உண்மை என்று கீழே கையெழுத்திடுவது மட்டும்தான்.

கையெழுத்திட்டால் அதே பொய்க்கு இரண்டாம் தடவை சாட்சி சொன்னவனாவேன். முதல் தடவை சொன்னதில் ஒரு மனுஷன் போலீஸ் காவலில் கிடந்தார். அவர் பெயர் தண்டல் சூசை.

2

இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தூத்துக்குடி என்றால் பெரிய கப்பல் கரையில் வந்து ஒட்டி நிற்கும் துறைமுகம். நாற்பதுகளில் அப்படியில்லை. கரையோரம் ஆழம் போதாது. கப்பல்கள் ஆறு மைலுக்கு அப்பால் நடுக்கடலில் நிற்கும். சரக்கு முழுவதும் வத்தை எனும் பாய்மரப் படகுகளில் போய்வரும். வத்தைக்குத் தலைவர் தண்டல். கப்பலிலிருந்து வத்தைக்கு இறங்கும் சரக்கை எண்ணி டிக் போடுகிறவன் டாலி கிளார்க். அந்த டிக் விழுந்துவிட்டால் அதற்குமேல் சரக்குக்குத் தண்டல் பொறுப்பு.

நான் நாசரேத் மிஷன் பள்ளியில் படித்தவன். கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்டதும் தூத்துக்குடியில் பாதிப் பேர் சட்டி பானையோடு பக்கத்து ஊரான புதுக்கோட்டையையும் தாண்டி ஓடினார்கள். அப்படி ஓடியவர்களில் ஒரு டாலி கிளார்க்கும் உண்டு. அவர் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். வீரத்தால் அல்ல. எனக்கு அப்போது ஓட வேறு ஊர் இல்லை, வேலையும் இல்லை.

நாற்பத்துமூன்றில் ஒரு சின்னக் கப்பல் வந்து நின்றது. உடம்பு முழுக்கச் சாம்பல் நிறப் பெயின்ட். வந்தது வந்ததுதான், மாதக் கணக்கில் நகரவே இல்லை. வேறு கப்பல்கள் கொண்டுவரும் கடற்படைச் சாமான்களை வாங்கி வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக் கிட்டங்கிக்கு அனுப்புவது அதற்கு உத்தியோகம். எங்கள் ஆட்கள் அதற்கு வைத்த பெயர் சாம்பக் கப்பல். கேப்டன் வெள்ளைக்காரர். சண்டை கண்ணில் படவில்லை என்ற ஆத்திரத்தையெல்லாம் மாலுமிகளின் பூட்ஸ் மேல் காட்டினார். நடுக்கடலில், பார்க்க ஆளே இல்லாத இடத்தில், தினமும் காலை எட்டு மணிக்குப் பூட்ஸ் பரிசோதனை. அதில் முகம் தெரியாவிட்டால் அவனுக்கு அன்று ரம் கிடையாது.

"தொரை மூஞ்சிய அவரு கண்ணாடியில பாத்தா ஆகாதாமா?" என்று கேட்டார் தண்டல் சூசை. ஐம்பது வயதிருக்கும். நல்ல கறுப்பு, நல்ல குரல். ஆறு மைல் கடலை அந்தக் குரலாலேயே தாண்டிவிடுவார். என்னைத் 'தம்பி' என்பார், ஆனாலும் 'நீரு, வாரும்' என்று மரியாதையாகத்தான் பேசுவார். நான் கடலுக்குப் புதுசு. முதல் பதினைந்து நாள் ஏணி ஏறும்போதெல்லாம் வாந்தி. அவர்தான் ஒரு துண்டு நார்த்தங்காய் ஊறுகாயை வாயில் அதக்கிக்கொள்ளச் சொல்லி, பின்னாலிருந்து தாங்கி ஏற்றிவிடுவார்.

இன்னொரு வழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். மத்தியானத்துக்கு மேல் கரையிலிருந்து எதிர்த்தடிக்கும் கச்சான் காற்று ஓங்கிவிட்டால் வத்தையைக் கரைக்குத் திருப்புவது பெரும்பாடு. ஆகவே கடைசி நாலைந்து தூக்குச் சரக்கு கப்பலில் தொங்கும்போதே, "போடும் தம்பி, காத்து வருது" என்று தண்டல்கள் அவசரப்படுத்துவார்கள். நாங்களும் சரக்கு இறங்கும் முன்பே டிக் போட்டுத் தாளை முடித்துவிடுவோம். கிளார்க்குகளுக்குள் அதற்குக் காத்து டிக் என்று பெயர். எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆனால் அது இல்லாவிட்டால் தூத்துக்குடியில் ஒரு வத்தையும் நேரத்துக்குக் கரை சேராது. கண்கொட்டாமல் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே போட்டால் அதில் தப்பில்லை.

நான் பக்கத்தில் நிற்கவில்லை.

3

அன்றைக்குக் கப்பலில் படம். கடற்படையிலிருந்து புரொஜெக்டரும் ஒரு சிரிப்புப் படமும் வந்திருந்தன. சாப்பாட்டு அறையின் வட்ட ஜன்னல்களையெல்லாம் கம்பளியால் மூடிவிட்டு, பட்டப்பகலில் படம் ஓட்டினார்கள். சரக்கு இறக்கும் விஞ்ச் இயந்திரத்தில் ஒரே ஒரு மாலுமி. அவன் கழுத்தும் கதவுப் பக்கமே திரும்பியிருந்தது.

எனக்கு இருபத்தொரு வயது. உள்ளே முப்பது பேர் ஒரே நேரத்தில் வெடித்துச் சிரிக்கிறார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் வெளியே நிற்பது எவ்வளவு பெரிய வேதனை! மிச்சம் நாலு தூக்கு. நாலுக்கும் டிக் போட்டேன். கையெழுத்தும் போட்டேன். கதவிடுக்கில் தலையை நுழைத்தேன்.

திரையில் ஒரு குண்டு மனிதர் ஏணியில் ஏறுகிறார், விழுகிறார், மறுபடி ஏறுகிறார். நான் பார்த்தது அவ்வளவுதான். நன்றாகச் சிரித்தேன். வெளியே தண்டல் சூசையின் குரல் இரண்டு தரம் கேட்டது. காற்றுக்கு அவசரப்படுத்துகிறார் என்று நினைத்துக்கொண்டு, அந்தக் குண்டர் மூன்றாம் தடவை விழுகிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

"பெட்டி போயிட்டுய்யா!" என்றார் சூசை. கடைசித் தூக்கில் ஒரு பெட்டி வலையிலிருந்து நழுவி, வத்தையில் படாமலேயே, கப்பலுக்கும் வத்தைக்கும் இடையில் விழுந்துவிட்டது. 'மிக அவசரம்' என்று சிவப்பு முத்திரை குத்திய பெட்டி. குனிந்து பார்த்தேன். பச்சைத் தண்ணீர். கையிலிருந்த தாளில் அந்தப் பெட்டி பத்திரமாக வத்தைக்கு வந்து சேர்ந்திருந்தது.

4

கேப்டன் அறையில் விசாரணை. துரைக்குத் தமிழ் தெரியாது. தண்டலுக்கு இங்கிலீஷ் தெரியாது. நடுவில் மொழிபெயர்க்க ஆள் வேண்டும். கப்பலில் இரண்டும் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

விஞ்சில் நின்றவன் முந்திக்கொண்டான். எல்லாப் பெட்டியும் ஒழுங்காக வத்தையில் இறங்கின, கண்ணால் பார்த்தேன் என்றான். கழுத்துத் திரும்பிய கதையை அவன் ஏன் சொல்லப்போகிறான்? அதன் பிறகு சூசை என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, தொரைகிட்டச் சொல்லும். பெட்டி என் வத்தைக்கு வரவேயில்ல. நடுவுல நழுவிக் கடல்ல விழுந்துட்டு. நான் சத்தம் போட்டேன், அப்ப கிளார்க்கு அங்கன இல்ல, படம் பாக்கப் போயிருந்தாரு. அதையும் சேத்துச் சொல்லும். கோவிச்சுக்கிடாதயும் தம்பி, உள்ளத உள்ளபடி சொன்னாத்தான் எனக்குத் தப்பிக்க வழி."

நான் மொழிபெயர்த்தேன். "பெட்டி கடலில் விழுந்துவிட்டது என்கிறார்."

"அவ்வளவு நேரம் பேசினானே, அவ்வளவுதானா?" என்றார் கேப்டன்.

"அவ்வளவுதான், சார். இவர்கள் எதையும் நீட்டித்தான் சொல்வார்கள்."

"நீ அந்த இடத்தில் இருந்தாயா?"

"இருந்தேன், சார்."

"டிக் போட்டது பெட்டி வத்தைக்கு வந்தபிறகா?"

"ஆமாம், சார்."

அன்று உண்மையைச் சொல்லியிருந்தால் எனக்கு வேலை போயிருக்கும். யுத்த காலம், கடற்படைச் சாமான், பொய்த் தாள் என்று ஜெயிலும் கிடைத்திருக்கலாம். பயந்துவிட்டேன். பயத்துக்கு வேறு நல்ல பெயர் தேடி இத்தனை வருஷம் பார்த்தாயிற்று, கிடைக்கவில்லை. கரையில் போலீஸ் காத்திருந்தது. அந்த இன்ஸ்பெக்டருக்குத் தமிழ் நன்றாகவே தெரியும். ஆனால் கேப்டன் ஒப்பமிட்ட இங்கிலீஷ் அறிக்கை கையில் இருக்கும்போது தமிழைக் கேட்பதற்கு அவருக்கு அவசியம் இருக்கவில்லை.

படகிலிருந்து இறங்கும்போது சூசை கேட்டார்: "நான் சொன்னத எல்லாம் சொல்லிட்டீரா தம்பி?"

"சொல்லிட்டேன் அண்ணாச்சி."

"நம்ப மாட்டேங்காரா?"

"நம்ப மாட்டேங்காரு."

"போவுது. உம்ம மேல குத்தம் வாரத நீரே உம்ம வாயால சொல்லியிருக்கீரே, அது பெரிசுல்லா" என்றார் அவர்.

5

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. ஒரே ஒரு வாக்கியத்தைச் சொன்னால் தீர்ந்துவிடும் விஷயம். அதைச் சொல்லாமலிருப்பதற்காக நான் பட்ட பாடு இருக்கிறதே! பெட்டியை எடுத்துவிட்டால் திருட்டு இல்லையென்று ஆகிவிடும், எனக்கும் பங்கமில்லை என்று கணக்குப் போட்டேன். கேப்டனிடம் போய், ஏழு பாகம், நாற்பதடி ஆழம்தான், சங்கு குளிக்கிறவர்கள் எடுத்துவிடுவார்கள் என்றேன். துரைக்கு அந்தப் பெட்டிமேல் தனிப் பிரியம். உடனே சம்மதித்தார்.

குளிக்கிறவர்கள் சம்மதிக்கவில்லை. "கடல்கட்டி இல்லாம எறங்க மாட்டோம். கப்பல் எச்சித் தண்ணிக்கி அங்கன சொறா நிக்கி" என்றார்கள்.

கடல்கட்டி என்பவர் மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுகிறவர். முத்துக்குளிப்பு நடக்கிற வருஷங்களில் கலெக்டரே அவருக்குச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்வார். முத்துக்குளிப்பு நின்று வருஷம் பதினைந்து ஆகியிருந்தது. அந்தக் குடும்பத்துப் பெரியவர் தன் வீட்டில் சும்மா இருந்தார். அவரைக் கடற்படையில் வேலைக்கு எடுக்க வேண்டும். அதற்குப் படிவம், மூன்று பிரதி.

நான் நிரப்பினேன். பதவி: கடலடிப் பாதுகாப்பு அலுவலர், தற்காலிகம். பயிற்சி: பரம்பரை. தேவையான கருவிகள்: பித்தளைச் செம்பு ஒன்று. பணி செய்யும் இடம்: கரையில், கதவு சாத்திய அறை. மேலிடத்திலிருந்து ஒரே ஒரு கேள்வி திரும்பி வந்தது. இவருக்கு நீச்சல் தெரியுமா? தேவையில்லை என்று எழுதினேன். அதற்கும் மூன்று பிரதி. அனுமதி வந்துவிட்டது.

கேப்டனுக்கு அவரை நேரில் பார்க்க ஆசை. பார்த்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஜப்பான்காரனின் நீர்மூழ்கிக்கும் இவர் வாயைக் கட்டுவாரா, கேள்" என்றார். கேட்டேன். பெரியவர் சற்று யோசித்தார்.

"அது வேற வித்தை. எங்க குடும்பத்துக்குச் சொறா மட்டுந்தான்" என்றார்.

இதையெல்லாம் முடிக்கப் பதினோரு நாள் ஆயிற்று. அந்தப் பதினோரு நாளும் சூசை காவலில் இருந்தார். கடைசியில் பெரியவர் கிட்டங்கி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு செம்போடு உட்கார்ந்தார், பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. கடலில் இரண்டு பேர் கல்லைக் காலில் மாட்டி இறங்கினார்கள். சுறா ஒன்றும் வரவில்லை. மூன்றாம் முங்கில் பெட்டிக்குக் கயிறு கட்டியாயிற்று.

கப்பல் தளத்தில் வைத்து உடைத்தார்கள். சிவப்பு முத்திரை போட்ட, மிக அவசரமான அந்தப் பெட்டியில் இருந்தவை பூட்ஸ் பாலிஷ் டப்பாக்கள். கரைக் காவலாளிகளின் பூட்ஸ் பளபளக்கவில்லை என்று கேப்டனே எழுதி வரவழைத்தவை. ஒரு டப்பாவிலும் தண்ணீர் ஏறவில்லை.

"இதுக்கா முங்குனோம்?" என்றார் குளித்தவர்களில் ஒருவர்.

6

சூசையை விட்டுவிட்டார்கள். சாமான் கிடைத்துவிட்டது, வழக்கு இல்லை. நான் தோத்திரம் சொல்லி, அன்று இரண்டு தட்டு சோறு தின்றேன். பெட்டியை எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேனே, நாசரேத்துப் படிப்பு படித்தவன், எனக்கு இந்தக் கடற்கரை தெரியவில்லை!

சரக்கைக் கடலில் போட்டு அடையாளம் வைத்துக்கொண்டு, ஆறின பிறகு ஆளை விட்டு எடுப்பது இந்தக் கரையில் எல்லாருக்கும் தெரிந்த பழைய தந்திரம். பெட்டி தாளில் வத்தைக்கு வந்துவிட்டது. பிறகு கடலடியில் இருந்தது. அப்படியென்றால் போட்டவர் யார்? ஊர் ஒரு நிமிஷத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. பெட்டி கிடைக்காமலே போயிருந்தால்கூட அவர்மேல் சந்தேகத்தோடு நின்றிருக்கும். நான் தேடி எடுத்துக் கொடுத்த சாட்சி அவரைத் திருடனாகவே ஆக்கிவிட்டது. அதிலும் எதைத் திருடினார்? பூட்ஸ் பாலிஷ்! வெறுங்கால் மனுஷன்!

வத்தைக்காரக் கம்பெனி அவருக்கு வத்தை கொடுக்கவில்லை. இன்னொருவர் தோணியில் கூலி ஆளாகப் போனார். பேர் மட்டும் தண்டலாகவே இருந்தது. பாலிஷ் தண்டல்.

அந்த வாரமே கேப்டன் எனக்கு நற்சான்று எழுதிக் கொடுத்தார்.

7

இதையெல்லாம் போன ஞாயிற்றுக்கிழமை டேவிடம் சொன்னேன். இங்கிலீஷில்தான் சொன்னேன், ஒன்றையும் விடவில்லை. கடல்கட்டிக்கு நீச்சல் தெரியுமா என்ற இடத்தில் அவனுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பாலிஷ் டப்பா வந்ததும் நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டான். "அப்பா, இது அந்தப் படத்தைவிட நல்லா இருக்கு!"

சிரிப்பு அடங்கியதும், "அந்த ஆளை விட்டாங்கதானே?" என்றான்.

"விட்டாங்க."

"அப்போ சரி" என்றான். கெட்ட பிள்ளை இல்லை. அவன் கணக்கில் பதினோரு நாள், விடுதலை, கதை முடிந்தது. ஒரு பட்டப்பெயர் எத்தனை வருஷம் உயிரோடு இருக்கும் என்று லிவர்பூலில் வளர்ந்தவனுக்கு நான் எப்படிப் புரியவைப்பது? கிரேஸ் மட்டும் சிரிக்கவில்லை. "இதை என்கிட்ட ஒரு நாளாவது சொன்னீயளா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனவள், இன்றுவரை சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆறு வருஷத்துக்கு முன் லீவில் ஊருக்கு வந்தபோது சூசையின் வீட்டைத் தேடிப் போனேன். சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் போனேன். முனைக் கடை அண்ணாச்சியிடம் வழி கேட்டேன். "சூசை மவன் வீடா? அப்படிக் கேட்டா யாருக்குத் தெரியும்? பாலிஷ்காரன் வீடுன்னு கேளும். சின்னப் பிள்ளையும் காட்டும்" என்றார்.

சூசை செத்துப் பல வருஷமாகியிருந்தது. மகன் என்னை உள்ளே கூப்பிட்டு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். கடைக்கு ஆள் விட்டுக் கலர் வாங்கிவரச் சொன்னார். "எங்கப்பா உம்மச் சொல்லாத நாளில்ல. ஊரே திருடன்னு சொன்னப்ப, தொரை முன்னால எனக்காகத் தன் மேல குத்தத்த ஏத்துக்கிட்டு உண்மையச் சொன்ன ஒரே மனுசன் அந்தக் கிளார்க்குதான்னு சாவுற அன்னிக்கும் சொன்னாரு" என்றார்.

சொல்லிவிட வேண்டியதுதானே? சொல்லவில்லை. கலரைக் குடித்தேன். கை கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். நாற்பத்துமூன்றில் செய்ததைவிட இது கேவலம் என்று எனக்கே தெரியும். அப்போதாவது எனக்கு இருபத்தொரு வயது.

நூலகத்துப் படிவத்தைக் கிழித்துவிட்டேன். ஐம்பது வார்த்தை எனக்குப் போதாது, அதோடு அதை இங்கே வாசிக்கிறவர்கள் சிரிக்கத்தான் போகிறார்கள். சிரிக்காமல் வாசிக்க வேண்டியவர்கள் தூத்துக்குடியில் இருக்கிறார்கள். அதனால்தான் இந்தப் பத்திரிகைக்கு எழுதுகிறேன். முனைக் கடை அண்ணாச்சிகள், வத்தைக்காரர்கள், கோயில் கமிட்டிக்காரர்கள் எல்லாரும் கேளுங்கள். அன்று கேப்டன் அறையில் நான் பாதியில் நிறுத்திய மொழிபெயர்ப்பை நாற்பத்துநான்கு வருஷம் கழித்து முடிக்கிறேன்.

தண்டல் சூசை சொல்லுகிறார்: பெட்டி என் வத்தைக்கு வரவே இல்லை. நழுவிக் கடலில் விழுந்துவிட்டது. நான் சத்தம் போட்டேன். அப்போது கிளார்க் அங்கே இல்லை, படம் பார்க்கப் போயிருந்தார்.